எட்டில் ஏழு

அறுபதைத் தாண்டினவங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. உங்களுக்கும் இருக்கும், இல்லேன்னு சொல்லாதீங்க. காலையில கழட்டி வெச்ச மூக்குக் கண்ணாடி எங்கன்னு தெரியாது. ஐம்பது வருஷத்துக்கு முன்னாடி யார் எந்தப் பக்கம் உக்காந்திருந்தாங்கன்னு மட்டும் அப்படியே தெரியும். எனக்கு அப்படித் தெரியறது ஒரு ரூம். சித்தூர்ல எங்க கோயிலுக்குப் பின்னாடி இருந்த வெஸ்ட்ரி. கோயில்னா சர்ச்சு, எங்க ஜனம் கோயில்னுதான் சொல்லும். ஐயரு, அதாவது பாதிரியாரு, அங்கி மாட்டிக்கிற ரூம் அது. உள்ள போனா திராட்சை ரசமும் எலிப் புழுக்கையும் சேர்ந்த ஒரு வாசனை அடிக்கும். இன்னிக்கும் எங்கயாச்சும் அந்த வாசனை வந்தா நின்னு திரும்பிப் பாப்பேன்.

நைனா, எங்க அப்பா, அந்தக் கோயிலுக்கு உபதேசியாரு. ஐயருக்கு நாலஞ்சு ஊரு, மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமைதான் நம்ம பக்கம் வருவாரு. மிச்ச நாளெல்லாம் மணி அடிக்கிறது, ஜெபம் பண்றது, சபையார் சண்டையைத் தீர்க்கிறது எல்லாம் நைனா தலையிலதான். வீடும் கோயில் காம்பவுண்டுக்குள்ளயே. ஒத்தை ரூமு வீடு, அதனால அக்கா படிக்கறதுக்கு வெஸ்ட்ரி சாவியைக் குடுத்திருந்தாரு.

அக்காவுக்குப் பதினேழு, இன்டர் ரெண்டாவது வருஷம், உங்க பன்னெண்டாவது மாதிரி. எனக்கு ஒம்போது. நடுவுல பொறந்த ரெண்டும் தங்கல. அதனால அவ எனக்கு அக்கா பாதி, அம்மா பாதி. தலை வாரி விடறது, பேன் பாக்கறது, முதுகு தேய்க்கறது எல்லாம் அவதான். அம்மா இருந்தா, ஆனா அம்மா எப்பவும் யாரு என்ன நெனப்பாங்கன்னு பயந்துக்கினு இருக்கிற பொம்பளை. அவ மடியில உக்காந்தாக்கூட அந்தப் பயம் நமக்கும் ஒட்டிக்கும்.

சாயங்காலம் காலேஜ் விட்டு வந்து அக்கா ஹோம் ஒர்க் போடுவா, நான் கூட உக்காந்திருப்பேன். படிப்பு தெலுங்கு மீடியம். புத்தகத்துல வ்ருத்தம்னு இருக்கும், அவ வட்டம்னு படிப்பா. ஸ்பர்ஷரேகான்னு இருக்கும், 'தொட்டுட்டுப் போற கோடு'ன்னு எனக்குச் சொல்லுவா. அவ காம்பஸ்ல ஸ்குரு போயிடுச்சு. வட்டம் ஆரம்பிச்ச இடமும் முடிஞ்ச இடமும் ஒரு நூல் தள்ளித்தான் வந்து சேரும். "இது வட்டம் இல்லடி, ஊர் சுத்திட்டு வீடு தெரியாம நிக்கறவன்"னு சிரிப்பா. அப்புறம் அம்மாவோட தையல் நூலை ஒரு ஆணியில கட்டி, வெஸ்ட்ரி சிமெண்டுத் தரையிலயே சாக்பீஸால பெரிய வட்டம் போடுவா. என்னை வட்டத்துக்கு வெளிய நிக்க வெப்பா.

"இப்ப நீ ஒரு கிணத்துக்கு வெளிய நிக்கற. கிணத்தோட இந்தப் பக்க விளிம்புக்கு ஒரு கயிறு, அந்தப் பக்க விளிம்புக்கு ஒரு கயிறு. ரெண்டும் சும்மா தொட்டுக்கினு போவணும், உள்ள வெட்டக் கூடாது. எது நீளம் சொல்லு?"

நான் வலது பக்கம்னு சொல்லுவேன். அவ நூலை வெச்சு அளந்து காட்டுவா. ரெண்டும் ஒண்ணு. "நீ எங்க போய் நின்னாலும் ரெண்டும் ஒண்ணுதாண்டி"ன்னு சொல்லும்போது அவ மொகத்தைப் பாக்கணுமே! யாரோ அவளுக்கு மட்டும் ரகசியமா ஒரு நல்ல சேதி சொன்ன மாதிரி இருக்கும்.

வட்டம் முடிஞ்சு அடுத்த பாடம் வந்துச்சு. நிகழ்தகவு. அதுலதான் வந்தது வினை.

முதல் கணக்கு பைக்குள்ள பந்து. ஆறு சிவப்பு, நாலு வெள்ளை, கண்ணை மூடிக்கினு ஒண்ணு எடுத்தா சிவப்பா இருக்க என்ன வாய்ப்பு. எங்க வீட்டுல பந்து ஏது? நைனாவோட கிழிஞ்ச காலுறையில அம்மாவோட பட்டன் டப்பாவுல இருந்து ஆறு சிவப்புப் பட்டன், நாலு வெள்ளைப் பட்டன் போட்டா. என்னை எடுக்கச் சொன்னா, எடுத்ததைத் திரும்பப் போடச் சொன்னா. பத்து தரம் எடுத்தேன், பத்தும் சிவப்பு. அக்கா நோட்டையும் என்னையும் மாத்தி மாத்திப் பாத்தா.

"ஏய், கையைக் காட்டு. எப்படிடி எடுக்கற?"

"சிவப்புல விளிம்பு கட்டியா இருக்குக்கா. வெள்ளை வழவழன்னு இருக்கு."

"அடி திருடி!" அவ விழுந்து விழுந்து சிரிச்சா. அப்புறம் என் விரலைப் பிடிச்சுக்கினு நிதானமா சொன்னா. "கை தேடக் கூடாதுடி. கை தேடிச்சுன்னா கணக்கு செத்துப் போச்சு. ஒண்ணும் தெரியாம எடுக்கணும், அப்பத்தான் அது வாய்ப்பு."

அடுத்த கணக்கு ஐம்பத்திரெண்டு சீட்டு இருக்கிற கட்டுல இருந்து ஒண்ணு எடுத்தா அது ராஜாவா இருக்க என்ன வாய்ப்புன்னு. நாங்க ரெண்டு பேரும் முழிச்சோம். உபதேசியார் வீட்டுப் பொண்ணுங்க, சீட்டுக்கட்டைக் கண்ணால பாத்தது கிடையாது. அதுல எத்தனை ராஜான்னு எப்படித் தெரியும்? அக்கா ஒரே ஒரு ராஜாதான் இருப்பான், ஒரு நாட்டுக்கு ஒரு ராஜாதானேன்னு ஐம்பத்திரெண்டுல ஒண்ணுன்னு எழுதினா. காலேஜ்ல லெக்சரர் அதைச் சத்தமா படிச்சிக் காட்டி, கிளாஸே சிரிச்சுதாம். வந்து அழுதா. மறுநாள் நான் பஞ்சர் கடைக்காரர் கிட்ட ஓடிப்போய்க் கேட்டுக்கினு வந்தேன். "நாலு ராஜா, நாலு ராணி, நாலு குலாமு. ஏம் பாப்பா, உபதேசியாரு வீட்டுல ஆட்டம் கத்துக்கறீங்களா?"ன்னு அவர் கேட்டது அன்னிக்குச் சாயங்காலமே நைனா காதுக்கு வந்துடுச்சு.

நைனா வெஸ்ட்ரிக்கு வந்தாரு. நான் கேட்டுக்கினு வந்ததை வெச்சு அக்கா நோட்டுல ஆட்டின், டைமன்னு சீட்டுப் படமெல்லாம் வரைஞ்சு வெச்சிருந்தா. நான் செத்தேன்னு நெனச்சேன். நைனா நோட்டை வாங்கி, கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கினு, முழுசா படிச்சாரு.

"இது இன்னாம்மா?"

"கணக்கு நைனா. ஐம்பத்திரெண்டுல நாலு. பதிமூணுல ஒண்ணு. எது வரும்னு தெரியாததைக்கூட எண்ணிச் சொல்லிடலாம்."

அவர் நோட்டை மூடிக் குடுத்தாரு. "எண்றதெல்லாம் நீ எண்ணிக்கோ. எடுக்கற கை யாரோடதுன்னு மட்டும் மறந்துடாதே"ன்னு சொல்லிட்டு, "படத்தை மட்டும் அழிச்சிரு, யாராச்சும் பாக்கப்போறாங்கோ"ன்னு போயிட்டாரு. அவர் அடிக்கற ஆளு இல்ல. இதைச் சொல்லியாவணும், ஏன்னா இனிமே சொல்றதைக் கேட்டா நீங்க அவரைத்தான் திட்டுவீங்க.

அவர் மனசுல தேவன் எடுக்கற கைன்னு ஒண்ணு நிஜமாவே இருந்துச்சு. சபையில எது முடிவாகலேன்னாலும் அவர் திருவுளச்சீட்டு போடுவாரு. கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை எந்தத் தெருக்காரங்க தூக்கறது, யார் வீட்டுல முதல் ஜெபக்கூட்டம், எல்லாத்துக்கும் அதுதான். காணிக்கை எடுக்கற வெல்வெட்டுப் பை இருக்கே, மரக்கைப்பிடி போட்ட மெரூன் கலர் பை, அதுல சீட்டைப் போட்டு, முழங்கால்ல நின்னு ஜெபம் பண்ணிட்டு, ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்லுவாரு. பிள்ளை கை பாவம் அறியாதுன்னு சொல்லுவாரு. வந்ததுதான் தீர்ப்பு. அப்பீல் கிடையாது.

மாங்காய் சீசன்ல ரிசல்ட் வந்துச்சு. மண்டிப் பக்கமிருந்து ஊரெல்லாம் புளிச்ச வாசனை. அக்கா கணக்குல காலேஜ்லயே முதல். திருப்பதியில டிகிரி காலேஜ்ல சீட்டு கிடைச்சு, ஹாஸ்டல்லயும் எடம் குடுத்து லெட்டர் வந்துச்சு. அதே வாரம் புத்தூர்ல இருந்து ஆளுங்க வந்து காபி குடிச்சிட்டுப் போனாங்க. ரயில்வேயில வேலை, சபைக் குடும்பம், அக்காவைக் கேட்டாங்க. அம்மா அதையே பிடிச்சுக்கினா. "வயசுப் பொண்ணைத் திருப்பதியில ஹாஸ்டல்ல உட்டுட்டு சபையில எப்படி மொகம் காட்டறது?" நைனா ரெண்டு நாள் சரியா துன்னல. அவர் பாக்கெட்டுல அந்தக் காலேஜ் லெட்டர் இருந்ததை நான் பாத்தேன். மடிச்சு மடிச்சு ஓரமெல்லாம் கிழிஞ்சிருந்துச்சு. இப்பத் தெரியுது, அவருக்கு அனுப்பத்தான் ஆசை. தைரியம் மட்டும் இல்ல. அதை மேல இருந்து வாங்கிக்கலாம்னு பாத்தாரு.

"திருவுளச்சீட்டு போட்டுடுவோம்"னாரு.

அக்கா கொஞ்சமும் கலங்கல. "போடுங்க நைனா. ஆனா ஒரு தரம் போட்டா நான் ஒத்துக்க மாட்டேன். வேதத்துல ஒருத்தன் ரெண்டு தரம் அடையாளம் கேக்கலையா? பிதா, குமாரன், பரிசுத்த ஆவி பேரால மூணு தரம் எடுக்கட்டும். மூணுல ஒரு தரம் 'போ'ன்னு வந்தாலும் நான் போறேன். மூணும் 'வேண்டாம்'னு வந்தா, இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன், நீங்க சொன்னவரைக் கட்டிக்கறேன்."

நைனா டக்குனு சரின்னுட்டாரு. அவ்வளவு வேகமா அவர் எதுக்கும் சரி சொன்னதில்ல.

அக்கா என்னை வெஸ்ட்ரிக்கு இழுத்துக்கினு போய்க் கதவைச் சாத்தினா. தரையில சாக்பீஸால எட்டு வரி எழுதினா. போ, போ, போ. போ, போ, வேண்டாம். போ, வேண்டாம், போ. இப்படியே எட்டும். கடைசி வரியில மட்டும் வேண்டாம், வேண்டாம், வேண்டாம். அதைக் குதிகாலால மிதிச்சுக்கினு நின்னா.

"பாத்தியா? எட்டுல ஏழு எனக்கு! நைனாவுக்கு இது தெரியாது. யார் கிட்டயும் சொல்லாதே." என்னைத் தூக்கிச் சுத்தினா. "நான் போய் ஹாஸ்டல்ல இருந்து உனக்கு லெட்டர் போடுவேன், நீ பதில் போடணும், சரியா?"

சரின்னேன்.  ஆனா எட்டுல ஏழுன்னா அவ போயிடுவா. நான் அந்த வீட்டுல அம்மாவோட பயத்தோடயும் நைனாவோட ஜெபத்தோடயும் தனியா இருக்கணும். புத்தூர் ஆளுங்க எதுக்கு வந்தாங்கன்னு எனக்குப் புரியல, காபி குடிக்க வந்தாங்கன்னுதான் நெனச்சேன். கட்டிக்கறேன்னு அவ சொன்னதும் என் காதுல விழுந்துச்சு, மண்டையில ஏறல. 'வேண்டாம்'னா அக்கா வீட்டுல இருப்பான்னு, அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது. ஒம்போது வயசுங்க எனக்கு!

ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் நாலு பேரும் கோயிலுக்குள்ள நின்னோம். நைனா தேதிக் காலண்டர்ல ஒரு தாளைக் கிழிச்சு ரெண்டாக்கினாரு. மேல் பாதியில, பசை ஒட்டின கெட்டி ஓரம் இருந்துச்சே, அதுல 'வேண்டாம்'னு எழுதினாரு. கீழ்ப் பாதியில 'போ'. நான் பாத்துக்கினே இருந்தேன். மடிச்சுப் பைக்குள்ள போட்டு ஆட்டினாரு. முழங்கால்ல நின்னு ஜெபம் பண்ணும்போது அவர் குரல் உடைஞ்சுது. என்னைக் கூப்பிட்டாரு.

வெல்வெட்டு உள்ள சில்லுனு இருந்துச்சு. கெட்டி ஓரம் உடனே விரல்ல தட்டுப்பட்டுச்சு. எடுத்துக் குடுத்தேன். வேண்டாம்.

அக்கா சிரிச்சுக்கினே நின்னா. திரும்பப் போட்டு ஆட்டினாரு. எடுத்தேன். வேண்டாம். அக்கா சிரிப்பு நின்னுச்சு, ஆனா பயப்படல. இன்னும் ஒண்ணு இருக்கேன்னு என்னைப் பாத்துத் தலையை ஆட்டினா. தைரியமா எடுடின்னு சொல்ற மாதிரி.

மூணாவது தரம் என் விரல் வழவழன்னு இருந்த சீட்டைத்தான் முதல்ல பிடிச்சுது. ஆணையா சொல்றேன், பிடிச்சேன். பைக்கு வெளிய கொண்டு வரவும் பாத்தேன். அப்ப அம்மாவோட பழைய டிரங்குப் பெட்டி கண்ணுல வந்துச்சு, அக்கா முந்தின நாளே அதைத் துடைச்சுக் காய வெச்சிருந்தா. விட்டுட்டேன். கெட்டி ஓரத்தைத் தேடி எடுத்தேன்.

நைனா அதைப் பிரிச்சுப் பாத்துட்டு பெஞ்சுல உக்காந்துட்டாரு. "மூணு தரமும்"னாரு. "மூணு தரமும்மா. இதுக்கு மேல நான் யாரைக் கேக்கறது?" அவர் கண்ணுல தண்ணி. நான் அப்ப அது பக்தின்னு நெனச்சேன்.

 அக்கா உதடு மட்டும் அசைஞ்சுது. எட்டுல ஒண்ணு, எட்டுல ஒண்ணுன்னு அவ எண்ணிக்கினு இருந்தது எனக்கு மட்டும் தெரியும். எட்டுல ஒண்ணும் வரக்கூடியதுதானே. அவ கணக்கே அவ வாயை அடைச்சிடுச்சு.

ரெண்டு மாசத்துல கல்யாணம். புத்தூர் ரயில்ல அவ ஏறினப்பதான் எனக்கு விஷயம் புரிஞ்சுது. பிளாட்பாரத்துல உருண்டு அழுதேன். அக்கா மேல எவ்வளவு பாசம் பாருன்னு எல்லாரும் உச்சுக் கொட்டினாங்க. அந்த காம்பஸை எனக்குக் குடுத்துட்டுப் போனா. ஒரு வருஷத்துக்குள்ள நான் தொலைச்சிட்டேன். வேணும்னே தொலைச்சேனோ என்னவோ, தெரியல.

மாமா, அக்கா வீட்டுக்காரரு, கை நீட்டற ஆளு. முதல் பிள்ளை பதினெட்டாம் நாளே போயிடுச்சு. நான் போய்ப் பாத்தப்ப, பால் வத்தறதுக்கு மார்ல துணியை இறுக்கிக் கட்டிக்கினு சுவத்தோரமா உக்காந்திருந்தா. அழல. "எனக்கு இதுதான்னு தேவன் அன்னிக்கே மூணு தரம் சொல்லிட்டாரு இல்லடி. அவருக்குத் தெரியாததா? இதுல ஏதோ இருக்கும்"னா. வாயைத் திறந்தேன், சொல்லல. பயம்தான், வேற ஒண்ணுமில்ல.

நான் இன்டர் முடிச்சப்ப நைனா மறுபடியும் அந்தப் பையை எடுத்தாரு. அக்கா புத்தூர்ல இருந்து கைக்குழந்தையோட வந்து அதைப் பிடுங்கினா. "இவளுக்குப் போடாதீங்க. எனக்குச் சொன்னது போதும்." அப்படித்தான் நான் திருப்பதிக்குப் போனேன். மலையடிவாரம் அலிபிரிக்குப் போற பஸ்ஸைத் தினம் பாத்துக்கினு, அவ படிக்க வேண்டிய காலேஜ்ல, அவளுக்குப் பிடிச்ச கணக்கைப் படிச்சேன். முப்பத்தஞ்சு வருஷம் கணக்கு டீச்சரு நான். வட்டம் நடத்திடுவேன். நிகழ்தகவு வந்தா பையும் பந்தும் கொண்டு போக மாட்டேன், போர்டுல எழுதிப் போட்டுட்டு வந்துடுவேன்.

போன மாசம் அக்கா பாத்ரூம்ல வழுக்கி மணிக்கட்டு முறிஞ்சுடுச்சு. எங்கெங்கயோ இருந்து ஜனம் கட்டு போட புத்தூருக்கு வருது, அவளுக்கு நாலு தெரு தள்ளி. பாக்கப் போனேன். மாமா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆச்சு. பேரன் ஸ்ரீ சிட்டி கம்பெனிக்கு பஸ் ஏறிட்டான், மருமகள் மார்க்கெட்டுக்குப் போயிருந்தா. கட்டுல இருந்து பச்சிலையும் முட்டையும் கலந்த வாசனை. நான் சோறு பிசைஞ்சு ஊட்டினேன். சின்ன வயசுல அவ எனக்கு ஊட்டினதுக்கு இது சரியாப் போச்சுடின்னு சிரிச்சா. எழுபத்தி ஒண்ணு அவளுக்கு. இன்னும் எத்தனை நாள், இனிமே சொல்லலேன்னா எப்பன்னு தோணிச்சு. சொல்லிட்டேன். பசை ஓரம், மூணு தரமும் தேடினது, வழவழ சீட்டை விட்டது, எல்லாத்தையும்.

மன்னிப்பான்னு நெனச்சேன். திட்டினாலும் சரின்னு நெனச்சேன். அடிச்சாக்கூட நல்லா இருக்கும்னு இருந்துச்சு.

வாயில இருந்த சோத்தை மெதுவா மென்னு முழுங்கினா. 

"அவரு சொல்லலையா?"ன்னு கேட்டா.

"இல்லக்கா. நான்தான்."

"அவரு ஒண்ணுமே சொல்லலையா?" குரல் சின்னப் பிள்ளைக் குரலாயிடுச்சு. "வாங்கின அடி ஒவ்வொண்ணுக்கும் அதைத்தாண்டி சொல்லிக்கினு இருந்தேன். கொழந்தையைப் பொதைக்கும்போதும் அதைத்தான் சொன்னேன். அவரு பாத்து வெச்சதுன்னு. ஏண்டி சொன்ன? இத்தனை வருஷம் சொல்லாம இருந்தவ, நான் போனப்புறம் சொல்லிக்கக் கூடாதா?"

கையிலிருந்த சோத்தை அவ வாய்க்குக் கொண்டு போனேன். மொகத்தைத் திருப்பிக்கினா. மருமகள் வர்ற வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தோம். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கிளம்பினேன், அவ இருன்னு சொல்லல.

நேத்து ஞாயித்துக்கிழமை. மத்தியானம் மருமகள் போன் பண்ணா.

"சின்னத்தை, அத்தை மூணு வாரமா கோயிலுக்கு வரல. கை வலியான்னா, இல்லங்கறாங்க. எனக்கு அங்க யாரையும் தெரியாதுன்னு சொல்றாங்க. ராத்திரி ஜெபமும் விட்டுட்டாங்க. எனக்குப் பயமா இருக்கு. உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?"

தெரியாதும்மான்னு சொன்னேன்.